நாடகமா, பேச்சுப் போட்டியா, விவாதமா? கூச்சப்படும் பிள்ளையை எதில் சேர்ப்பது

கல்வியாண்டு தொடங்கியதும் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வரும். நாடகம், சேர்ந்திசை, நடனம், பேச்சுப் பயிற்சி, விவாத மன்றம். இதில் ஏதாவது ஒன்றில் டிக் அடித்து அனுப்ப வேண்டும். பிள்ளை ஏற்கெனவே பாடுகிறவனோ ஆடுகிறவளோ என்றால் யோசிக்க எதுவும் இல்லை. "நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டேன் என்கிறது, எதில் போட்டால் கூச்சம் போகும்?" என்று கேட்கிற பெற்றோருக்குத்தான் குழப்பம். அவர்களுக்காகத்தான் இது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் இடம் நாடகத்துக்கு, அதுவும் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் இருக்கும் சின்ன நாடகக் குழுவுக்கு. அதற்கு இணையாக, வகுப்பறைக்குள்ளேயே வாரம் தவறாமல் நடக்கும் இரண்டு நிமிடப் பேச்சு. விவாதம், பிள்ளை பதின்ம வயதைத் தொட்ட பிறகு. மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பேச்சுப் போட்டி, பலரும் முதலில் தேடிப் போகிற அந்தப் போட்டி, என் கணக்கில் கடைசி.

காரணம், எல்லாக் கூச்சமும் ஒரே கூச்சம் இல்லை. ஆண்டு விழாவில் அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் முதல் வரிசையில் நின்று சிரித்துக்கொண்டே ஆடுகிற பெண், மறுநாள் வகுப்பில் "மிஸ், வெளியே போகலாமா?" என்று கேட்கத் தயங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பிறர் பார்வை பிரச்சினை இல்லை, தன் வாயால் தன் தேவையைச் சொல்வதுதான் பிரச்சினை. இன்னொரு பையன் நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசுவான். எல்லோர் கண்ணும் தன்மேல் விழுந்த நொடியில் கல்லாகிவிடுவான். மூன்றாவது வகை ஒன்று உண்டு. பேசுவார்கள், மேடையும் ஏறுவார்கள், ஆனால் யாராவது "நீ சொல்வது தப்பு" என்றால் போதும், கண் கலங்கிவிடும். பார்வைக்குப் பயம், சொந்தச் சொல்லுக்குப் பயம், மறுப்புக்குப் பயம். எதற்கு எது மருந்து என்று பார்க்காமல் டிக் அடித்தால் ஓர் ஆண்டு வீணாகும்.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் எழுதியது இன்றும் இந்த முடிவுக்கு உதவும். 'என்னால் இது முடியும்' என்ற எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகள் என்றார் அவர். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், அந்த நேரத்தில் உடம்பு படுகிற படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் வலுவானது முதலாவது. ஊக்கச் சொல் தனியாக நின்று பெரிதாக எதையும் செய்துவிடாது. "உன்னால் முடியும், போ" என்று முதுகைத் தட்டி மேடைக்கு அனுப்பி, அங்கே பிள்ளை திக்கி நின்றுவிட்டால், தட்டிய கைக்கும் மதிப்புப் போய்விடும். இன்னொன்றையும் பண்டுரா சொல்கிறார்: நம்பிக்கை வேர்விடும் முன்பே வருகிற தோல்விதான் அதிகம் சேதப்படுத்தும்.

இதோடு இன்னொரு உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1965-இல் முன்வைத்த ஒரு கருத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பழகிய வேலையைப் பிறர் பார்க்கும்போது இன்னும் நன்றாகச் செய்வோம். அரைகுறையாகப் பழகியதைப் பிறர் பார்க்கும்போது இன்னும் மோசமாகச் செய்வோம். அதாவது கூட்டம் என்பது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எவ்வளவு ஒத்திகைக்குப் பிறகு பிள்ளை கூட்டத்தைச் சந்திக்கிறது என்பதே கேள்வி. எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும்போது நான் முதலில் கேட்பதும் அதைத்தான்: மேடைக்கு முன்னால் எத்தனை வாரம்?

ஆட்டமும் சேர்ந்திசையும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பார்வைக்குப் பயப்படும் சின்னப் பிள்ளைக்குக் கூட்டமாகச் செய்கிற எதுவும் நல்ல முதல் படி. இருபது பேரோடு சேர்ந்து பாடும்போது தன் குரல் தனியாகக் கேட்காது. தப்பினாலும் பாட்டு நிற்காது. புதிதாகக் கூடிய ஒரு குழுவைச் சேர்ந்து பாடுவது சீக்கிரம் நெருக்கமாக்குகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது பெரியவர்களை என்றாலும், புதிய பள்ளியில் ஒட்டாமல் நிற்கும் பிள்ளைக்கு இது பொருந்தாமல் போகாது. திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கோ சேர்ந்திசை ஒரு வரம். பலரோடு ஒரே நேரத்தில் பாடும்போதும், ஒரே குரலாகச் சொல்லும்போதும் திக்கல் பெருமளவு மறைந்துவிடும். அது குணமாவது அல்ல. ஆனால் தன் வாயிலிருந்து தடையில்லாமல் சொல் வருகிற அனுபவம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

குறை என்னவென்றால், இங்கே பிள்ளை தானாக எதையும் முடிவு செய்வதில்லை. அடவும் வரியும் வேறொருவர் கொடுத்தவை. அதனால்தான் ஆடுகிற பெண்ணுக்கு வகுப்பில் வாய் வரவில்லை. ஓர் ஆண்டு போதும், அப்புறம் அடுத்த படிக்குப் போகலாம்.

நாடகம்

டொரண்டோவில் கிளென் ஷெல்லன்பெர்க் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குக் கீபோர்டு, சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம் என ஓராண்டு வகுப்பு; ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. இசை கற்றவர்களுக்கு நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடச் சற்றே கூடியது என்பதுதான் செய்தித்தாள்களில் வந்தது. கவனிக்கப்படாமல் போன மறுபாதி எனக்கு முக்கியம்: பிறரோடு பழகும் திறன் கூடியது நாடகம் கற்ற பிள்ளைகளுக்கு, இசைக் குழுக்களில் அது தெரியவில்லை. ஒரே ஓர் ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனால் ஒத்திகை அறையில் பத்து நாள் உட்கார்ந்தால் இதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும்.

நாடகத்தில் பிள்ளை தானாக நிற்பதில்லை, வேறொருவராக நிற்கிறது. கூச்சப்படுகிற பையன் கூச்சப்படாத காவலாளியாக நடிக்கலாம். சத்தமாகப் பேசத் தெரியாதவள் சண்டைக்காரக் கிழவியாக அலறலாம். தப்பு நடந்தால் அது கிழவியின் தப்பு. அடுத்தது, எதிரே ஓர் ஆள் இருக்கிறார். ஒரு ஒத்திகையில் அமைச்சர் வேடமிட்ட பையனுக்கு வசனம் மறந்துவிட்டது. மூன்று நொடி அமைதி. காதுவரை சிவந்துவிட்டான். அரசன் வேடத்தில் இருந்தவள் தாளில் இல்லாத ஒரு வரியை எடுத்துவிட்டாள்: "என்ன அமைச்சரே, பதில் சொல்லாமல் என் கிரீடத்தையே பார்க்கிறீர்?" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "கிரீடம் கோணலாக இருக்கிறது அரசே" என்றான். நாடகம் நகர்ந்துவிட்டது. அரங்கேற்றத்திலும் அந்த இரண்டு வரிகள் அப்படியே இருந்தன. மறதியிலிருந்து மீள முடியும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேறு எந்த வகுப்பாலும் முடிந்திருக்காது.

நல்ல நாடக ஆசிரியர்கள் வசனத்தில் தொடங்குவதில்லை, விளையாட்டில் தொடங்குவார்கள். சிகாகோவில் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்த வயோலா ஸ்போலின் உருவாக்கிய நாடக விளையாட்டுகள் இன்று உலகமெங்கும் புழங்குகின்றன. இருவர் எதிரெதிரே நின்று ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடி போலத் திருப்பிச் செய்யும் விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். பேச்சே தேவையில்லை; ஆனால் இன்னொருவர் கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் டோரத்தி ஹீத்கோட் இன்னும் ஒரு படி போனார். பார்வையாளரே இல்லாத நாடகம். ஆசிரியரும் ஒரு வேடம் போட்டுக்கொள்வார், பிள்ளைகள் ஏதோ ஒரு துறையின் நிபுணர்களாகி அவருக்கு ஆலோசனை சொல்வார்கள். 'பாலம் இடிந்துவிட்டது, பொறியாளர்களே, என்ன செய்யலாம்?' என்று ஆசிரியர் கேட்கும்போது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளை வரைபடத்தோடு எழுந்து நிற்கும். சொந்தச் சொல்லுக்குப் பயப்படும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

பள்ளி நாடகங்களில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. எந்த ஆண்டும் அதே மூன்று பேர்தான் நாயகன், நாயகி, வில்லன். மீதிப் பேர் மரம், மேகம், ஊர் மக்கள். மரமாக நிற்பதில் தப்பில்லை, ஆனால் மூன்று ஆண்டும் மரம் என்றால் பிள்ளைக்குக் கிடைப்பது நம்பிக்கை இல்லை, 'நான் இவ்வளவுதான்' என்ற தீர்ப்பு. ஆகவே சேர்க்கும் முன் கேளுங்கள்: எல்லோருக்கும் வசனம் உண்டா, வேடங்கள் மாறுமா, முக்கிய வேடத்தை யார் எப்படி முடிவு செய்கிறார்கள்? ஆசிரியர் இந்தக் கேள்விக்கு எரிச்சல்பட்டால் அதுவே ஒரு பதில்.

பேச்சுப் போட்டி

நடுவராக உட்கார்ந்த எவரும் இந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். பிள்ளை வரும், வணக்கம் சொல்லும், கணீரென்று தொடங்கும். 'வானுயர்ந்த' என்னும்போது வலக்கை மேலே போகும், 'ஆழ்கடல்' என்னும்போது கீழே வரும். மூன்றாவது பத்தியில் ஒரு சொல் வராது. உடனே இரண்டாவது பத்தியின் தொடக்கத்துக்குத் திரும்பி, அதே வேகத்தில் ஓடி வந்து, அதே இடத்தில் மறுபடி முட்டி நிற்கும். அரங்கத்தின் பின் வரிசையில் அம்மாவின் உதடுகள் அந்தச் சொல்லை அசைத்துக்கொண்டிருக்கும்.

இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்த உரையில் ஒவ்வொரு சொல்லும் முந்திய சொல்லைப் பிடித்துத்தான் வருகிறது. ஒன்று அறுந்தால் அடுத்தது வராது. உரையை எழுதியது அப்பா அல்லது ஆசிரியர். பிள்ளைக்குப் பாதிப் பொருள் தெரியாது, அதனால் வேறு சொல்லில் சமாளிக்கவும் வழியில்லை. எதிரே கைகொடுக்க ஓர் அரசனும் இல்லை. ஒத்திகை குறைவு, தனியாள், கடன் வாங்கிய சொல், மேலே மதிப்பெண். பண்டுராவும் ஸயான்ஸும் எச்சரித்த எல்லாம் ஒரே இடத்தில். நாற்பது பேர் கலந்துகொண்டால் மூன்று பேர் கோப்பையோடும் முப்பத்தேழு பேர் 'நான் தோற்றேன்' என்ற நினைப்போடும் வீடு போகிறார்கள். கோப்பை வாங்கிய மூவரும் பெரும்பாலும் முன்பே பேசத் தெரிந்தவர்கள்.

சரி, போட்டியே வேண்டாமா? மேடையை விரும்புகிற பிள்ளைக்குத் தாராளமாக வேண்டும். நல்ல உரையை மனப்பாடம் செய்வதால் சொல்வளம் கூடும், உச்சரிப்புத் திருந்தும், மூச்சு எங்கே விடுவது என்று தெரியும். அதெல்லாம் லாபம்தான். கூச்சத்துக்கு மருந்தாக மட்டும் அதைக் கொடுக்காதீர்கள். பள்ளி கட்டாயமாக்கினால் சேதத்தைக் குறைக்க வழி உண்டு. பிள்ளை தனக்குத் தெரிந்த விஷயத்தைத் தன் பேச்சு நடையிலேயே சொல்லட்டும், நீங்கள் வாக்கியத்தை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடம். நடுவில் நான்கைந்து குறிப்புச் சொற்கள் ஓர் அட்டையில். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லிப் பார்க்கட்டும். அப்போது ஒரு சொல் நழுவினால் இன்னொன்று கிடைக்கும்.

படபடப்பைப் பற்றியும் இரண்டு விஷயம். நம் நடுக்கம் பிறருக்கு அப்பட்டமாகத் தெரிகிறது என்று பேசுகிறவர் நினைக்கிறார்; உண்மையில் அவ்வளவு தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் இன்னும் நன்றாகவே பேசினார்கள். பிள்ளையிடமும் சொல்லலாம்: "உன் நெஞ்சு அடிப்பது உனக்குத்தான் கேட்கிறது, எங்களுக்குக் கேட்கவில்லை." இரண்டாவது, 'பயப்படாதே, அமைதியாக இரு' என்பது அவ்வளவு நல்ல அறிவுரை இல்லை. அடித்துக்கொள்ளும் நெஞ்சைச் சட்டென்று அமைதியாக்க முடியாது, அதே துடிப்பை உற்சாகம் என்று பெயர் மாற்றிவிடுவது எளிது. அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் பெரியவர்களிடம் செய்த சோதனைகளில், பேசவோ பாடவோ போகும் முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்தார்கள்.

வகுப்பறையில் இரண்டு நிமிடம்

படிவத்தில் இது இருக்காது. விழா இல்லை, உடை இல்லை, புகைப்படம் இல்லை. ஆண்டுக்கு ஒரு பெரிய மேடையா, வாரம் ஒரு சின்னப் பேச்சா என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சொல்வேன். பிள்ளை ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டிப் பேசலாம். உடைந்த கடிகாரம், தான் வளர்க்கும் செடி, எதுவானாலும் சரி. கையில் பொருள் இருந்தால் கண்கள் பாதி அதன்மேல் போகும்.

மேடைப் பேச்சு பழகுவதற்காக 1924-இல் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் நூறாண்டாக உயிரோடு இருப்பதற்குக் காரணமும் இந்தச் சின்ன அளவுதான் என்று நினைக்கிறேன். அங்கே கொடுத்த தலைப்பில் முன் தயாரிப்பு இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடம் பேசுவது ஒரு பகுதி. நேரம் பார்ப்பவர், 'ம்ம்', 'ஆ' போன்ற இழுவைகளை எண்ணுபவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு சுழலும். 18 வயது ஆகாதவர்களுக்குக் கேவல் கிளப் என்ற பெயரில் தனி அமைப்பும் உண்டு. அந்தக் கிளப்பில் சேராமலே இந்த முறையை வகுப்பறை எடுத்துக்கொள்ளலாம். பேச மறுக்கிற பிள்ளை முதல் மாதம் நேரம் பார்க்கட்டும். 'இரண்டு நிமிடம் ஆகிவிட்டது' என்று ஒரு வாக்கியம் மட்டும் எழுந்து சொல்லட்டும். அதுவும் பேச்சுதான். வகுப்பாசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள்.

விவாதம்

எட்டு வயதில் மேடையில் துள்ளிய பிள்ளை பதின்மூன்றில் 'நான் வரவில்லை' என்று அறைக்குள் போய்விடும். பெற்றோர் பதறுவார்கள். டேவிட் எல்கைண்ட் 1967-இலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: அந்த வயதில் பிள்ளைகள் தம்மை எப்போதும் ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். முகப்பரு, குரல் உடைவது, எல்லாம் ஊருக்கே தெரிகிறது என்ற எண்ணம். அப்படிப்பட்டவர்களுக்கு விவாதம் ஆச்சரியமாக ஒத்துப்போகும், ஏனென்றால் கவனம் ஆளைவிட்டு வாதத்துக்குப் போகிறது. ஆடை அலங்காரம் கிடையாது. கையில் குறிப்புத்தாள் இருக்கலாம். பக்கத்தில் அணித்தோழர்கள் இருப்பார்கள்.

பள்ளி மாணவர்களின் சர்வதேசப் போட்டிகளில் பின்பற்றும் உலகப் பள்ளிகள் விவாத முறையில் ஓர் அணிக்கு மூன்று பேச்சாளர்கள், முதன்மை உரை எட்டு நிமிடம். எதிரணி நடுவில் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம், ஆனால் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் கேட்கக் கூடாது. அந்த ஒரு நிமிடப் பாதுகாப்பு எத்தனை பிள்ளைகளுக்கு நிலைகொள்ள உதவுகிறது என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆதரவா எதிர்ப்பா என்பது ஒதுக்கப்படுவது. தானாகத் தேர்ந்தெடுப்பது இல்லை. அதனால் 'நீ சொல்வது தப்பு' என்று எதிரணி கிழிக்கும்போது அடிபடுவது வாதம், தான் அல்ல. மறுப்புக்குப் பயப்படும் பிள்ளைக்கு நான் சொன்ன மருந்து இதுதான். அடுத்த வாரம் எதிர்ப் பக்கத்துக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

பத்து வயதுக்குக் கீழ் நான் பரிந்துரைப்பதில்லை. எதிராளியின் வாதத்தை எதிராளியிடமிருந்து பிரித்துப் பார்க்கும் பக்குவம் அதற்குள் வருவது கடினம், பலருக்கு அது சண்டையாகவே முடியும். ஏற்கெனவே வாயாடியான பிள்ளைக்கும் ஒரு கவனம் தேவை: வேகமும் நக்கலும் பரிசு வாங்கித் தரும் மன்றமாக இருந்தால், வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் அதே பாணி வரும்.

இனி டிக் அடிப்பது

ஆறேழு வயதில் பார்வைக்குப் பயந்தால் சேர்ந்திசை, ஓராண்டு கழித்து நாடகம். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, பேச்சே பிரச்சினை என்றால் நேரடியாக நாடகம், முடிந்தால் விளையாட்டு முறையில் சொல்லித்தருகிற இடம். பதின்ம வயதில் உடம்பைப் பற்றிய கூச்சம் என்றால் விவாதம். எந்த வயதானாலும் வகுப்பறைப் பேச்சு. இரண்டு இடங்களில் எது என்று தெரியாவிட்டால் ஒரு ஒத்திகையை நேரில் பாருங்கள், அரங்கேற்றத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளை தப்புச் செய்யும்போது ஆசிரியர் முகம் எப்படிப் போகிறது என்பது அங்கேதான் தெரியும்.

முடிந்து வரும்போது 'நீ பிறவிப் பேச்சாளன்' என்று சொல்லாதீர்கள். கிளாடியா மியூலரும் கேரல் ட்வெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில், புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள் அடுத்த கடினமான வேலையில் சறுக்கியதும் சோர்ந்தார்கள். உழைப்புக்காகப் புகழப்பட்டவர்களிடம் விடாமுயற்சி நீடித்தது. "மறந்த இடத்தில் நீயே ஒரு வரி சேர்த்தாயே, அது நன்றாக இருந்தது" என்று குறிப்பாகச் சொன்னால் போதும்.

மேடை தீர்க்காத ஒன்றும் உண்டு. வீட்டில் நன்றாகப் பேசுகிற பிள்ளை பள்ளியில் மட்டும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை, சேர்ந்த முதல் மாதம் தாண்டியும் அப்படியே இருக்கிறது என்றால் அது வெறும் கூச்சமாக இல்லாமல் இருக்கலாம். குழந்தை உளவியலாளரிடமோ பேச்சு சிகிச்சையாளரிடமோ காட்டுங்கள். மேடையில் தள்ளினால் நிலைமை மோசமாகும்.

எல்லாம் சொல்லியும் 'இந்த ஆண்டு வேண்டாம்' என்று பிள்ளை உறுதியாக நின்றால், படிவத்தை வெறுமையாகத் திருப்ப வேண்டியதில்லை. நாடக ஆசிரியரிடம் பின்னரங்க வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். திரை இழுப்பது, விளக்கு, பொருட்களை எடுத்துக் கொடுப்பது, எல்லாவற்றையும்விட ஓரத்தில் நின்று மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பது. அந்த வேலை செய்கிற பிள்ளைக்கு நாடகம் முழுக்க மனப்பாடம் ஆகிவிடும். ஒத்திகைக்கு யாராவது வராத நாளில் ஆசிரியர் பிரதியை நீட்டி "இன்றைக்கு மட்டும் நீ படித்துவிடு" என்பார், பெரும்பாலும் படித்துவிடுகிறார்கள்.